பெரிய டெலிவிஷன் வாங்கினால் போதுமா?

ஆயிரம் டாலர் கொடுத்துப் புது டெலிவிஷன் வாங்கியாயிற்று. சுவரில் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டால் படமும் வருகிறது. ஆனால் அது பழைய படம்! பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கப்பட்ட அதே பழைய படம்!

2000-க்குப் பிறகு சில ஆண்டுகள் அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்தது. "ஹை டெபனிஷன்" என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தால் போதும், துல்லியப் படம் தானாக வந்து சேரும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அது தானாக வருவதில்லை. கோபுரத்திலிருந்து புறப்படும் படம், கூடத்துக்கு வந்து சேர ஒரு சங்கிலி வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் காசு வீண்தான்.

20 லட்சம் புள்ளிகள்

பழைய அமெரிக்க டெலிவிஷன் படத்தில் கண்ணுக்குத் தெரிபவை சுமார் 480 கோடுகள். புது முறையின் உயர்ந்த ரகத்தில் 1,080 கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் 1,920 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல்!

1996 ஜூலையில் வடக்கு கரோலினாவில் உள்ள ராலே நகரத்து நிலையம் ஒன்று இத்தகைய ஒளிபரப்பை முதன்முதலில் தொடங்கியது. 1998 அக்டோபர் 29-ந் தேதி, 77 வயது ஜான் கிளென் மீண்டும் விண்வெளிக்குப் புறப்பட்ட காட்சி இந்த முறையில் நேரடியாகக் காட்டப்பட்டது. பார்க்கத்தான் வீடுகளில் பெட்டி இல்லை! அப்போது ஒரு பெட்டியின் விலை பல ஆயிரம் டாலர்.

டியூனர் எங்கே?

விலை இறங்கிய பிறகு வேறொரு சங்கடம் முளைத்தது. ஆரம்பத்தில் விற்ற பெட்டிகள் பலவற்றில் திரை மட்டுமே இருந்தது. ஒளிபரப்பைப் பிடிக்கும் டியூனர் இல்லை. எண்களாகச் சுருக்கி அனுப்பப்படும் படத்தை மறுபடி விரித்துக் கொடுப்பது டியூனரின் வேலை. அதைத் தனியாக வாங்க வேண்டும். கடைக்காரர் சொன்னால் உண்டு! அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் 2002-ல் தலையிட்டது. படிப்படியாக அமலான அந்த உத்தரவின்படி, 2007 மார்ச் 1 முதல் டெலிவிஷன் பெட்டி எதுவாயினும் உள்ளேயே டிஜிட்டல் டியூனர் இருந்தாக வேண்டும்.

கேபிள் சந்தாதாரர்களின் கதை வேறு. துல்லியப் படத்துக்கென்று கம்பெனி தரும் தனிப் பெட்டியைக் கேட்டு வாங்காதவர்கள், புதுத் திரையில் பழைய படத்தையே பார்த்தார்கள்.

வயரிலும் கோட்டை விட்டவர்கள் உண்டு. வீடியோ யந்திரத்தோடு வந்த மஞ்சள் தலை வயரை எடுத்துச் செருகினால் துல்லியப் படம் அதன் வழியே வரவே வராது. படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கொண்டு வரும் எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும், பழைய பெட்டியானால் படத்துக்கு மட்டும் மூன்று வயர்கள் வேண்டும்.

உட்காரும் இடம்கூடக் கணக்குத்தான். திரையின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் அமர்ந்தால் புது முறையின் முழு நயமும் தெரியும் என்பது ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்ட அளவு. 42 அங்குலத் திரைக்கு அது ஐந்து அடிதான். பத்தடிக்கு அப்பால் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொள்பவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது.

மறக்கப்பட்ட ஏரியல்

எல்லாவற்றிலும் மலிவான சாமான் கூரை மேல் உள்ள ஏரியல். எல்லாவற்றையும் கெடுப்பதும் அதுதான்.

"ஹை டெபனிஷன் ஏரியல்" என்று கடைகளில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அப்படி ஒரு ஜாதி ஏரியல் கிடையாது! வரும் அலை பழைய படமா, புதுப் படமா என்பது அலுமினியக் குழாய்க்குத் தெரியாது. தாத்தா காலத்து ஏரியல் துருப்பிடிக்காமல் இருந்தால் அதுவே போதும்.

கவனிக்க வேண்டியது அளவைத்தான். 2-ம் நம்பர் சானலின் அலைக்கு ஏரியலின் விரிப்பு சுமார் எட்டரை அடி வேண்டும். யு.எச்.எப். அலைக்கு ஒரு சாணுக்குச் சற்றே கூடினால் போதும். டிஜிட்டல் நிலையங்களில் பெரும்பாலானவை யு.எச்.எப்.புக்குப் போய்விட்டன, ஆனால் எல்லாம் போகவில்லை. பிலடெல்பியாவின் பெயர் பெற்ற நிலையம் ஒன்று 2009-ல் தன் பழைய 6-ம் நம்பரிலேயே நிலைத்தது. யு.எச்.எப்.புக்கு மட்டுமான சிறிய ஏரியல் வாங்கியவர்களுக்கு அந்தச் சானல் சரியாகக் கிடைக்கவில்லை!

பழைய முறையில் அலை பலவீனமானால் திரையில் பனி பெய்யும். அந்தப் பனிக்குள்ளும் முகம் தெரியும், குரல் கேட்கும். புது முறையில் அந்தத் தயவு இல்லை. படம் கண்ணாடிபோல் இருக்கும்; காற்றில் மரக்கிளை அசைந்தால் கட்டம் கட்டமாக உடையும்; பிறகு ஒன்றுமே இராது. ஆகவே ஏரியலை முடிந்த மட்டும் உயரத்தில், கோபுரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். அறுபது எழுபது மைலுக்கு அப்பால் பூமியின் வளைவே மறைத்துவிடும். அலையைப் பெருக்கும் பூஸ்டரை வைப்பதானால் ஏரியலுக்கு அருகிலேயே வைக்க வேண்டும். டெலிவிஷனுக்குப் பின்னால் வைத்தால், வரும் வழியில் வயரில் நலிந்த அலையோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்கள் சில, அழகு கெடுகிறது என்று கூரை ஏரியலுக்குத் தடை போட்டிருந்தன. கமிஷன் 1996-ல் செய்த விதி, அத்தகைய தடைகளில் பெரும்பாலானவற்றைச் செல்லாததாக்கியது. தங்களுக்கு இந்த உரிமை உண்டென்று அறியாதவர் இன்றும் பலர்.

2009 ஜூன் 12

இத்தனையும் தெரியாதவர்களுக்கு ஒரு நாள் சோதனை வந்தது. பழைய ஒளிபரப்பை நிறுத்துவதென்று முடிவு செய்து, அந்த அலைவரிசையில் ஒரு பகுதியை சர்க்கார் ஏலம் விட்டது. 2008 ஏலத்தில் வந்த தொகை ஏறத்தாழ 1,900 கோடி டாலர்! பழைய பெட்டி வைத்திருந்தவர்கள் மாற்றுக் கருவி வாங்க, வீட்டுக்கு இரண்டு கூப்பன்கள்; ஒவ்வொன்றும் 40 டாலர். அதற்கும் 90 நாள் கெடு!

2009 ஜனவரியில் கூப்பன் பணம் தீர்ந்தது. லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். பிப்ரவரி 17 என்று குறித்த நாளை காங்கிரஸ் சபை ஜூன் 12-க்குத் தள்ளி வைத்தது. அந்த வெள்ளிக்கிழமை பழைய ஒளிபரப்பு நின்றது. அன்று ஒரு நாளில் மட்டும் கமிஷனின் உதவி டெலிபோனுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன.

பலருக்குக் கிடைத்த பதில் ஒன்றே: "கருவியை மறுபடி சானல் தேடச் சொல்லுங்கள்." நிலையங்கள் இடம் மாறியிருந்தன, கருவி பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் படம் வந்தது. கூப்பன் கருவியால் துல்லியப் படமே வரும் என்று எண்ணியவர்களுக்கு மட்டும் ஏமாற்றம். அது பழைய பெட்டிக்குப் பழைய அளவில் படம் தரும் கருவி. புயல் நாளில் மின்சாரம் போனால் கைகொடுத்த பாட்டரி டெலிவிஷன்களோ அன்றோடு பெரும்பாலும் பயனற்றுப் போயின.

இப்போது அடுத்த முறை வந்துகொண்டிருக்கிறது. விருப்பமுள்ள நிலையங்கள் அதைத் தொடங்கலாம் என்று 2017 நவம்பரில் கமிஷன் அனுமதித்தது. 2007-ல் கட்டாயமாக்கப்பட்ட டியூனருக்கு இந்தப் புது அலை புரியாது. கூரை மேல் உள்ள ஏரியலை மட்டும் மாற்ற வேண்டியதில்லை.