லயக் காம்பராவுக்கு எத்தனை வாட் வேண்டும்?

தீபாவளிக்கு இரண்டு நாளைக்கு முந்தி அக்கா மகன் ஒரு அம்ப்ளிபயர் வாங்கி வந்தான். தெஹியோவிட்ட டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு ஏறும் வழியெல்லாம், அட்டைப் பெட்டியில் இருந்த எழுத்து நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தானாம். "மாமா, 1000 வாட்!" என்றான்.

பிரித்துப் பார்த்தேன். அம்ப் உள்ளங்கை அகலம்தான். கூடவே ஒரு அடாப்டர். அதன் முதுகில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 2 அம்பியர் என்று இருந்தது. 12ஐ 2ஆல் பெருக்கினால் 24 வாட். ஒரு சிரட்டைப் பாலை ஊற்றிவிட்டு வாளி நிரம்பிவிட்டது என்று எந்த ரப்பர் பால் வெட்டுகிறவரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். பெட்டியில் இருந்தது பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைச் சொல்வதாகப் பேர். அதை எப்படி அளப்பது என்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட விதியே கிடையாது. நாம் தேட வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட், அதுவும் எத்தனை ஓமில் என்பதோடு சேர்த்து.

உண்மையில் அம்ப்பை வாங்கும்முன் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்தை. அவனுடைய பழைய பெட்டிகளில் இரண்டு எண்கள் இருந்தன: 8 ஓம், 88 டெசிபல். பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுகிற அந்த இரண்டாவது எண்தான் எனக்குப் பிடித்தது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதை அது சொல்கிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 2 வாட்டுக்கு 91, 4 வாட்டுக்கு 94, 8 வாட்டுக்கு 97. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 50 வாட் அம்ப்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்குகிறவர் காசைக் கொட்டுவது அந்த 3 டெசிபலுக்காகத்தான்.

கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் கொஞ்ச வாட்டிலேயே அடுத்த டிவிசன் வரை கேட்பதும் அந்த இரண்டாவது எண் அதற்குக் கூடுதல் என்பதால்தான். குழாய் வாய், மின்சாரத்தைச் சத்தமாக மாற்றுவதில் கெட்டி. அமெரிக்காவில் போல் கிளிப்ஷ் என்பவர் 1946இல் விற்கத் தொடங்கிய மூலைப் பெட்டி அதே குழாய்த் தத்துவத்தில் 104 டெசிபலைத் தொட்டது. பி.பி.சி. பொறியியலாளர்கள் 1970களில் ஒலிபரப்பு வேன்களுக்காகச் செய்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னப் பெட்டி 83ஐத் தாண்டவில்லை. ஆனால் மனிதக் குரலை அது தருகிற அழகே வேறு. இரண்டுக்கும் இடையே வாட் கணக்கில் 100 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆக, ஸ்பீக்கர் எது என்று தெரியாமல் "நல்ல அம்ப் எது?" என்று கேட்டால் பதில் கிடையாது.

அடுத்தது ஓம். ஸ்பீக்கர் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. அம்ப் 16 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் பெட்டி 2 அம்பியர் இழுக்கும், 32 வாட். அதே அம்ப்பில் 4 ஓம் பெட்டியைக் கட்டினால் 4 அம்பியர், 64 வாட். கேட்க லாபம் போலத் தெரியும். ஆனால் அவ்வளவு கரண்டைத் தர அம்ப்பால் முடிய வேண்டுமே! "குறைந்தது 4 ஓம்" என்று அம்ப்பின் பின்னால் அச்சடிப்பது சும்மா அல்ல.

மருமகன் அதைத்தான் மீறினான். தீபாவளி அன்று சாயந்திரம் இரண்டு வேன் ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து பெட்டிகளோடு இணையாகக் கட்டிவிட்டான். வேன் ஸ்பீக்கர்கள் 4 ஓம். 8ஐயும் 4ஐயும் இணையாகக் கட்டினால் 2.7 ஓம்கூட வராது. அரை மணிக்குள் அம்ப் சூடேறித் தானாக நின்றது, ஆறியதும் பாடியது, மறுபடி நின்றது. அவன் விடவில்லை, குமிழைக் கடைசி வரை திருகினான். மறுநாள் ஒரு பெட்டியில் உச்சஸ்தாயி இல்லை. உச்சஸ்தாயியைத் தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கழற்றினேன். தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள் கறுத்து, கருகிய வார்னிஷ் வாடை அடித்தது.

"சின்ன அம்ப்தானே, எப்படி எரிஞ்சது?" என்றான். சின்னது என்பதால்தான். 12 வோல்ட் அம்ப்பில் ஒலியலை அந்த 12க்கு மேல் எழும்ப முடியாது. தாழ்ந்த கூரையில் தலை முட்டுகிற மாதிரி, அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட ஓரங்களில் மூலப் பாட்டில் இல்லாத உயர் அதிர்வுகள் பிறக்கும்; அவை நேரே போவது ட்வீட்டருக்கு. பாட்டின் சராசரிச் சக்தியும் ஏறிவிடும். காமன் கூத்துத் தப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடியும் பாட்டின் சராசரியை விடப் பத்து மடங்கு வாட்டைக் கேட்கும். சராசரிக்கு 2 வாட் போதும் என்றாலும், அந்த அடிக்கு 20 வாட் இருந்தால்தான் அது தப்பின் ஓசையாகக் கேட்கும், இல்லாவிட்டால் தகரம்தான்.

அப்படியானால் எத்தனை வாட்? பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. 88 டெசிபல் பெட்டிக்கு, 8 ஓமில் ஒரு பக்கத்துக்கு 20 முதல் 30 ஆர்.எம்.எஸ். வாட் தருகிற அம்ப் தாராளம். அதற்கு மேல் வாங்கினால் அடுத்த காம்பராக்காரருக்காகத்தான் வாங்குகிறீர்கள். பாஸ் சத்தத்தைச் சுவர் அவ்வளவாகத் தடுக்காது; கூரைத் தகரம் அதிர்ந்து சேர்ந்து பாடும்.

அவனுக்குப் புது அம்ப் வாங்கவில்லை. அந்தச் சின்னப் பலகை 24 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருந்ததால், பழைய லெப்டொப் ஒன்றின் 19 வோல்ட் அடாப்டரை மாட்டினோம். வோல்டேஜ் ஏறும்போது வாட் அதன் வர்க்கத்தில் ஏறும். 12 வோல்ட்டில் 8 ஓமுக்கு ஏழெட்டு வாட் தந்தது 20க்கு வந்துவிட்டது. வேன் ஸ்பீக்கர்களை அவிழ்த்தாயிற்று. கம்பி மாறிப்போயிருக்கிறதா என்று ஒன்றரை வோல்ட் பற்றரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தோம். நேர் முனை சிவப்பில் பட்டால் பெரிய கூம்பு முன்னே தள்ள வேண்டும், இரண்டு பெட்டியிலும். ஒன்றில் உள்ளே போனது. மாற்றிக் கட்டியதும், காணாமல் போயிருந்த பாஸ் திரும்பி வந்தது.

இனி இடி மட்டும்தான் பாக்கி. இந்தப் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடி முழங்காத நாள் குறைவு. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. முதல் முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.