இடப்பக்கமாகவே ஆயிரம் திருப்பம்: தெரியுமா?

மயிலாப்பூர் மாடவீதிகளில் பங்குனித் தேர் ஒவ்வொரு முனையிலும் வலப்பக்கம்தான் திரும்பும். வலம் வருவது என்றாலே அதுதானே! அதே பங்குனி மாதத்தில், 2010 மார்ச் 27 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தமிழர் அதற்கு நேரெதிராக, இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி ஒரு முழு ரேஸையும் ஓட்டி முடித்தார், தெரியுமா?

அவர் கோவை நரேன் கார்த்திகேயன்! ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரும் அவரேதான். அடையாறிலும் தி.நகரிலும் கார் ரேஸ் பேசுகிறவர்கள்கூட இதைச் சொல்லக் கேட்பது அபூர்வம். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

அவர் ஓட்டியது நாஸ்காரின் ட்ரக் தொடரில். சரக்கு லாரியை நினைத்துவிடாதீர்கள்! வெளியே பிக்கப் வண்டியின் உருவம், உள்ளே வி8 எஞ்சின் உறுமும் அசல் பந்தய வண்டி. களமோ மார்ட்டின்ஸ்வில். ஒரு மைலுக்குக் குறைந்த ஓவல் தளங்களை 'ஷார்ட் டிராக்' என்பார்கள். மார்ட்டின்ஸ்வில் ஒரு மைலில் பாதிதான். ஒரு சுற்றுக்குச் சுமார் 846 மீட்டர், ஏறக்குறைய 20 விநாடியில் முடிந்துவிடும்! பேப்பர் கிளிப் வடிவம். நேர்ப்பாதையில் தார், வளைவுகளில் கான்கிரீட். வளைவின் சாய்வு வெறும் 12 டிகிரி என்பதால் வேகத்தோடு அப்படியே திரும்ப முடியாது. பிரேக்கை அழுத்தியே ஆக வேண்டும். சுற்றுக்குச் சுற்று அழுத்தி அழுத்தி, பிரேக் டிஸ்க்குகள் நெருப்பாகச் சிவந்து ஒளிர்வதைப் பார்வையாளர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்!

இன்னொரு அதிசயம்: இந்த வண்டிகளின் வலப்பக்க டயர்கள் இடப்பக்க டயர்களைவிடச் சற்றே பெரியவை! ஸ்டியரிங்கை விட்டால் வண்டி தானாகவே இடப்பக்கம் இழுக்கும். நேராக ஓடுவதற்காகச் செய்த வண்டியே இல்லை அது! 250 சுற்றுப் பந்தயம், சுற்றுக்கு நான்கு திருப்பம். கணக்குப் போட்டால் ஆயிரம்! இத்தனைக்கும் நடுவில், முன்பின் பழகாத வண்டியில், முன்பின் பார்க்காத வகைப் பந்தயத்தில், இடித்துத் தள்ளுவதையே கலையாக வைத்திருக்கும் ஓட்டுநர்களுக்கிடையே, முதல் ரேஸிலேயே 13-வது இடம் பிடித்தார் நரேன்.

இதைவிட வியப்பு அடுத்தது. அந்த ஆண்டுத் தொடரில் 25 ரேஸ்கள். நரேன் ஓட்டியவை 9 மட்டுமே. ஆனால் ஆண்டு முடிவில் ரசிகர்கள் வாக்களித்து 'மிகவும் பிரபலமான ஓட்டுநர்' விருதை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? நம் நரேனுக்கு!

ஓவலுக்கும் அவருக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டு. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். அந்தப் புகழ்பெற்ற ஓவலின் சாய்ந்த வளைவு ஒன்றைச் சேர்த்துத்தான் அங்கே ஃபார்முலா ஒன் தளம் அமைத்திருந்தார்கள். அந்தச் சாய்வின் அழுத்தத்தை மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. பந்தயம் தொடங்கும் நேரத்தில் மிஷெலின் பூட்டிய 14 கார்களும் வரிசையாகப் பிட் பகுதிக்குள் போய்விட்டன. மிச்சம் ஆறே கார்கள்! ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்திய ஓட்டுநர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அவை மட்டுமே. அதிர்ஷ்டம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். போட்டியில் நின்று, வண்டியைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தவருக்குத்தான் புள்ளி.

நரேன் நாஸ்காரில் இறங்கிய மார்ட்டின்ஸ்வில் டிராக்குக்கு வயது நாஸ்காரைவிட அதிகம் என்பது தெரியுமா? 1947-ல் மண் தளமாகத் திறந்தது. நாஸ்கார் நிறுவனம் பதிவானது 1948-ல்! தார் போட்டது 1955-ல். நாஸ்கார் பந்தயத்தின் வேரைத் தேடிப்போனால் கள்ளச்சாராயத்தில் போய் நிற்கும். மலைப்பகுதியில் சாராயம் கடத்தியவர்கள், பார்க்கச் சாதாரணமாக இருக்கும் காரின் எஞ்சினை முறுக்கேற்றிப் போலீஸைத் தாண்டிப் பறந்தார்கள். பிறகு யாருடைய கார் வேகம் என்று தங்களுக்குள்ளேயே போட்டி போட்டார்கள். இன்றும் அமெரிக்கச் சிற்றூர்களின் குட்டி ஓவல்களில், உள்ளூர் மெக்கானிக்குகள் தாங்களே கட்டிய கார்களை வார இறுதி இரவுகளில் ஓட்டுகிறார்கள். மார்ட்டின்ஸ்வில்லில் வென்றவருக்கு என்ன பரிசு தெரியுமா? ஆளுயரத்துக்கு மேலான ஊசல் கடிகாரம்! 1964 முதல் தருகிறார்கள்.

சரி, நரேன் தொடங்கியது எங்கே? சென்னையின் வாசலில்! இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில் ஆண்டுதோறும் மோட்டார் பந்தயம் நடத்தி வந்தது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். கோவையின் பந்தய ஓட்டுநர் கரிவரதன் பறந்த தளம் அது. 1990-ல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தது. தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன், தன் முதல் ரேஸை ஓட்டியது அங்கேதான். முதல் ரேஸிலேயே பரிசு மேடை!

2024 ஆகஸ்ட் 31 அன்று ரேஸ் சென்னை நகரத்துக்குள்ளேயே வந்தது. மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் நேப்பியர் பாலம். அந்தப் பாலம், சிவானந்தா சாலை, தீவுத்திடல், கொடிமரச் சாலை என்று 3.5 கிலோமீட்டரை வளைத்து, 19 திருப்பங்களோடு, மின்விளக்கு வெள்ளத்தில் ஃபார்முலா 4 கார்கள் சீறின. இந்தியாவின் முதல் இரவுநேரச் சாலைப் பந்தயம் அது. முந்தைய டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போட்டது.