படகுப் பட்டரியில் மடிக்கணினி

வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் தொழிலுக்குப் போகும் படகுகளில் கணக்கெழுத மடிக்கணினி கொண்டுபோக விரும்புவோர் முதலில் பட்டரியைப் பார்க்க வேண்டும். படகில் இருப்பது 12 அல்லது 24 வோல்ட். பெரும்பாலான கணினிகள் கேட்பது சுமார் 19. கடைக்காரர் இன்வேர்ட்டரையே காட்டுவார். அது 12ஐ 230 ஆக்க, சார்ஜர் திரும்ப 19 ஆக்கும். இரண்டு தடவையும் மின்சாரம் வீண். கார் சார்ஜரோ ஒரே மாற்றத்தில் முடிக்கும். 24 வோல்ட் தாங்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

60 வாட் கணினி 12 வோல்ட்டில் ஏறக்குறைய 6 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணி ஈயப் பட்டரியில் பாதிக்கு மேல் எடுப்பது கூடாது. ஆகவே எட்டு மணித்தியாலம்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பட்டரியில் கொழுவவே வேண்டாம். அது இறங்கினால் நடுக்கடலில் மீன் மட்டுமா, ஆட்களின் உயிரும் ஆபத்தில். தனிப் பட்டரி வையுங்கள். அதன் நேர் முனைக்கு அருகிலேயே 10 அம்பியர் பியூஸ் போடுங்கள்.