உஷார்! பனிப்புயலுக்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடங்கள்

வானிலை அறிக்கையில் பனிப்புயல் என்று சொல்லிவிட்டார்களா? பாலும் ரொட்டியும் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே, பூட்ஸை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போங்கள். டேங்கின் மூடியைத் தூக்கி மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புரொப்பேனில் சூடாகும் வீட்டில் உயிரைக் காப்பவையும், கவனிக்காவிட்டால் உயிரை எடுப்பவையும் வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன: டேங்க், ரெகுலேட்டர், குழாய், ஃபர்னஸின் புகை வெளியேறும் வாய். பனி கொட்ட ஆரம்பித்ததும் நாம் கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் போய்விடுகிறோம். வெளியே இவை ஒவ்வொன்றாகப் பனியில் மூடிக்கொண்டிருப்பது நம் கண்ணில் படுவதே இல்லை.

அப்ஸ்டேட் நியூயார்க், வெர்மான்ட், மெய்ன், மிச்சிகன், விஸ்கான்சின், ஒன்டாரியோவின் கிராமப்புறம் என்று குழாய்வழி எரிவாயு எட்டாத இடங்களுக்கெல்லாம் இது பொருந்தும். நகரத்து அபார்ட்மென்ட்டை விட்டு, கொஞ்சம் நிலத்தோடு வீடு வேண்டும் என்று அங்கே குடிபோகும் நம்மவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஊரில் சமையல் கேஸ் தீர்ந்தால் மூலையில் நிற்கும் இரண்டாவது சிலிண்டரை உருட்டிவந்து மாட்டிவிடுவோம். இங்கே அந்த இரண்டாவது சிலிண்டர் கிடையாது. லாரி வந்தாக வேண்டும். சாலையில் மூன்றடி பனி கிடந்தால் லாரி வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 காலன் டேங்க் என்றால் அதில் 400 காலன்தான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிவதற்காக 20 சதவீதம் காலியாக விடுவது விதி. ஒரு காலன் புரொப்பேன் சுமார் 91,500 பிடியூ வெப்பம் தரும். மணிக்கு 1,00,000 பிடியூ எரிக்கும் ஃபர்னஸ் கடுங்குளிரில் ஓயாமல் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 26 காலன் குடித்துவிடும். மீட்டர் 20 சதவீதம் காட்டுகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 100 காலன். அதாவது நான்கு நாள்கூட முழுதாக இல்லை. அதிலேயே சமையலும் வெந்நீரும் ஜெனரேட்டரும் ஓட வேண்டுமென்றால் இன்னும் குறையும். ஆகவே முள் 30-ஐத் தொடும்போதே போன் செய்யுங்கள். டேங்க் வாடகைக்கு எடுத்ததா? அப்படியானால் அதன் சொந்தக்கார நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் அதில் நிரப்பப் பல மாநிலங்களில் சட்டம் அனுமதிக்காது. அவசரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரைக் கூப்பிடலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். நீங்கள் கூப்பிட்டால்தான் வருவார்களா, தாங்களாகவே வந்து நிரப்புவார்களா என்பதையும் ஒப்பந்தத்தை எடுத்து இன்றே பாருங்கள். வீடு கைமாறும்போது இது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

விலையும் காத்திருக்காது. 2013 இலையுதிர்காலத்தில் அமெரிக்க மிட்வெஸ்டில் அறுவடைச் சோளம் ஈரமாக இருந்தது. அதை உலர்த்தவே ஏராளமான புரொப்பேன் செலவாகிவிட்டது. கனடாவிலிருந்து வரும் கொச்சின் குழாய்வழியும் பராமரிப்புக்காகக் கொஞ்ச காலம் நின்றிருந்தது. பின்னாலேயே கடுங்குளிர் இறங்கியது. இரண்டு டாலருக்கும் கீழே இருந்த காலன் விலை 2014 ஜனவரி இறுதியில் நான்கு டாலரைத் தாண்டியது. பணம் வைத்திருந்தவர்களுக்குக்கூட முழு டேங்க் தராமல் பங்கிட்டுத்தான் ஊற்றினார்கள்.

டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் குழாய்க்குள் வாயு போகும். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். வெளிக்குளிர் அதை நெருங்க நெருங்க ஆவியாவது மந்தமாகும், அழுத்தம் விழும். திரவ மட்டம் தாழ்ந்த டேங்கில் நனைந்த உலோகப் பரப்பும் குறைவு. அதனால் வெப்பத்தை உறிஞ்சுவதும் குறைவு. மீட்டரில் கேஸ் இருக்கும், ஆனால் ஃபர்னஸ் கேட்கும் அளவுக்கு வராது. இதைச் சமாளிக்கிறேன் என்று டேங்கைச் சூடாக்க யாரும் தீயையோ ஹீட்டரையோ கொண்டுபோகாதீர்கள். தயவுசெய்து, ஒருபோதும் வேண்டாம்.

டேங்க் நிற்கும் இடத்தில், எதிர்பார்க்கும் பனியைவிட உயரமாக ஒரு கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டுங்கள். லாரி ஓட்டுநருக்கும் பனி தள்ளும் வண்டிக்காரருக்கும் அது அடையாளம். பனியை அகற்றத் துடைப்பம் எடுங்கள், மண்வெட்டி வேண்டாம். ஒரே ஓர் இடி போதும், குழாய் இணைப்பு நெகிழ்ந்துவிடும். ரெகுலேட்டரில் காற்றுக்கான சின்னத் துவாரம் ஒன்று இருக்கிறது. உருகிய நீர் அதற்குள் போய் உறைந்தால் அழுத்தக் கட்டுப்பாடே கெட்டுவிடும், உள்ளே அடுப்பின் ஜுவாலை தாறுமாறாக எழும். கூரையிலிருந்து சரியும் பனிப்பாளம் நேரே ரெகுலேட்டர் மேல் விழும் வீடுகளும் உண்டு. மேலே மறைப்பு வைக்க நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

எனக்கு அடிவயிற்றைக் கலக்குவது அடுத்த விஷயம். புதிய வகை ஃபர்னஸ்களில் புகை கூரை வழியாகப் போவதில்லை. பக்கச் சுவரில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில், வெள்ளை பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர்க் கொதிகலனுக்கும் சில வீடுகளில் அப்படித்தான். காற்று அடித்துக்கொண்டுவரும் பனி முதலில் குவிவது சுவரோரத்தில். குழாய்வாய் மூடினால், நல்ல ஃபர்னஸ் தானாக நின்றுவிடும், வீடு குளிரும். அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. ஃபுளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவோம். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால், வெளியே போனதும் அது குறைகிறது என்றால், இனி ஒரு நிமிடமும் உள்ளே இருக்காதீர்கள். அமெரிக்காவில் தீ விபத்தில் சேராத கார்பன் மோனாக்சைடு நச்சால் மட்டும் ஆண்டுக்கு 400-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள்.

வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரியோடு வேண்டும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், காலாவதித் தேதி இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு அந்தச் சத்தத்தை ஒருமுறை அழுத்திக் காட்டுங்கள். பகலில் நீங்கள் வேலைக்குப் போனபின் அலாரம் கூவினால், ஏதோ மெஷின் கத்துகிறது என்று அவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிடக்கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் 911 கூப்பிட வேண்டும்.

டேங்க் நிரம்பியிருந்தாலும் மின்சாரம் இல்லாமல் ஃபர்னஸ் ஓடாது என்பது பலருக்கு முதல் புயலில்தான் தெரிகிறது. தெர்மோஸ்டாட், பற்றவைக்கும் கருவி, காற்றைத் தள்ளும் விசிறி எல்லாமே கரண்டில் ஓடுபவை. 1998 ஜனவரி உறைமழையில் கியூபெக்கில் சில ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஜெனரேட்டர் இருந்தால் அது வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, கதவு ஜன்னலுக்கு எதிர்த்திசையில் புகை போகும்படி நிற்கட்டும். கதவைத் திறந்து வைத்தாலும் கராஜுக்குள் கூடாது. ஜெனரேட்டர் இல்லாதவர்களின் தவிப்புதான் கொடியது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸ் மின்சாரம் இழந்தபோது கரி அடுப்பையும் பார்பிக்யூவையும் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பலர். ஹூஸ்டனில் கராஜில் காரை ஓடவிட்டுக் குளிர்காய்ந்த ஒரு குடும்பத்தில் தாயும் மகளும் உயிரிழந்தார்கள். அந்தப் புயலில் மாநில அரசே ஏற்றுக்கொண்ட சாவு 246. கும்முட்டி அடுப்பு, கேஸ் அடுப்பு, ஓவன், பார்பிக்யூ எதுவும் அறையைச் சூடாக்கும் சாதனம் அல்ல. வெளியே வைத்த சிறிய சிலிண்டரும் வெளியிலேயே இருக்கட்டும்.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் பேஸ்மென்ட்டில் தேங்கும். கசிவு அலாரத்தைத் தரையருகே வைக்கச் சொல்வது அதனால்தான். அதில் கலக்கும் அழுகிய முட்டை நாற்றம் நம் சமையல் கேஸில் பழகியதே. ஆனால் முதியவர்களுக்கும் சளி பிடித்தவர்களுக்கும் தெரியாமல் போகலாம். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், உள்ளே நின்று போனை எடுக்காதீர்கள். எல்லாரும் வெளியேறி, முடிந்தால் டேங்கின் வால்வை வலப்புறம் திருகி மூடி, தூரப் போய்ப் பேசுங்கள். கேஸ் முழுதாகத் தீர்ந்து ஃபர்னஸ் அணைந்தாலும் நீங்களே பற்றவைக்கக் கூடாது. கசிவுச் சோதனை செய்தபிறகே மீண்டும் திறப்பார்கள், அதற்கும் ஆள் வர வேண்டும்.

சூடு நின்றால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். குழாய்களை நூல்போல ஒழுகவிடுங்கள், மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியட்டும்.

2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் பஃபலோவில் நாலடிக்கு மேல் பனி கொட்டியபோது தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களுமே பனியில் சிக்கி நின்றன. கூப்பிட்டவர்களிடம் வர முடியவில்லை. அதனால் புயல் ஓயும்வரை ஒரு பொறுப்பை யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்: சில மணிநேரத்துக்கு ஒருமுறை, காற்று தணியும் வேளையில், துடைப்பத்தோடு போய்ச் சுவர்க் குழாய்வாயையும் ரெகுலேட்டரையும் துடைத்துவிட்டு வருவது. அந்தப் பக்கத்துக் கதவிலிருந்து குழாய்வரை பாதையை முதல் பனியிலேயே வெட்டி வையுங்கள். கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். முள் 30-க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை இப்போதே அழையுங்கள். நாளைக் காலை அந்த வட்டாரமே அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.