வீட்டுச் செடிகளில் மாவுப்பூச்சி

மாவுப்பூச்சி என்பது செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சி வகையாகும். இது ஹெமிப்டெரா வரிசையில் சூடோகாக்சிடே குடும்பத்தைச் சேர்ந்தது. உடல்மேல் வெண்ணிற மெழுகுத் துகள் படிந்து மாவு தூவியதுபோல் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. தொட்டிகளில் வளர்க்கப்படும் செம்பருத்தி, குரோட்டன்ஸ், மணி பிளாண்ட், ஆர்க்கிட், கள்ளி வகைகள் முதலியவற்றை இது பெரிதும் தாக்குகிறது. ஒருமுறை மருந்து தெளித்ததும் மறைந்து, சில வாரங்களில் மீண்டும் தோன்றுவது இப்பூச்சியின் இயல்பு. இதற்கான காரணம் இதன் வாழ்க்கைச் சுழற்சியில் உள்ளது.

அடையாளங்கள்

இலைக்காம்பு தண்டுடன் சேரும் இடுக்கு, இலையின் அடிப்பக்க நரம்பு, புதிய குருத்து ஆகிய இடங்களில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல் வெண்மையாகக் காணப்படும். வளர்ந்த பெண் பூச்சி ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. நீளம் இருக்கும். தாக்கப்பட்ட இலைகள் மஞ்சளாகி உதிரும். குருத்துகள் சுருண்டு வளர்ச்சி குன்றும்.

இப்பூச்சி உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி. தேவைக்கு மேற்பட்ட சர்க்கரையைப் பிசுபிசுப்பான இனிப்புக் கழிவாக வெளியேற்றுகிறது. இக்கழிவின்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலைக்குக் கிடைக்கும் ஒளியை மறைக்கிறது. இனிப்பை நாடி எறும்புகள் வருகின்றன. கைம்மாறாக மாவுப்பூச்சியை அதன் எதிரிகளிடமிருந்து காக்கின்றன. எனவே தொட்டியில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கினால் இலைகளின் அடிப்பக்கத்தைச் சோதிக்க வேண்டும்.

மீண்டும் வருவது ஏன்?

பல மாவுப்பூச்சி இனங்களில் பெண் பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பஞ்சு போன்ற பையில் இடுகிறது. இப்பையும் வளர்ந்த பூச்சியின் மெழுகுப் பூச்சும் தண்ணீரில் கலந்த மருந்து எளிதில் உள்ளே செல்லாமல் தடுக்கின்றன. வெப்பமான சூழலில் முட்டைகள் ஏறத்தாழ 10 நாட்களுக்குள் பொரிக்கும். புதிதாக வெளிவரும் குஞ்சுகளின் உடலில் மெழுகு மிகக் குறைவு. அவை ஊர்ந்து சென்று புதிய இடம் தேடும் அந்தச் சில நாட்களே எளிதாக அழிக்கக்கூடிய பருவம். ஒரே நாளில் எவ்வளவு வலுவான மருந்து தெளித்தாலும் பைக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடுகின்றன. ஆகவே மருந்தின் வீரியத்தைக் கூட்டுவதைவிட, உரிய இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்வதே பலன் தரும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

1. பிரித்து வைத்தல்: தாக்கப்பட்ட செடியை மற்றத் தொட்டிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இலைகள் ஒன்றையொன்று தொட்டாலே குஞ்சுகள் பரவும். மிகவும் பாதிக்கப்பட்ட கிளைகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

2. துடைத்து எடுத்தல்: பஞ்சை 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பூச்சியின்மேல் ஒற்றி எடுத்தால் மெழுகு கரைந்து பூச்சி இறக்கும். இது எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது.

3. நீர் பீய்ச்சுதல்: இலைத் தடிப்பான செடிகளைக் குளியலறையிலோ மாடியிலோ வைத்து, இலையின் அடிப்பக்கம் படுமாறு நீரைப் பீய்ச்சினால் பெரும்பகுதி கழுவப்படும்.

4. சோப்பும் வேப்பெண்ணெயும்: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் கலப்பதற்குச் சிறிது திரவ சோப்பும் சேர்த்து நன்கு குலுக்கித் தெளிக்கலாம். துணி துவைக்கும் தூள் இலையைக் கருக்கிவிடும் என்பதால் தவிர்க்க வேண்டும். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்த பிறகு முழுச் செடிக்கும் தெளிப்பது நல்லது. வெயில் தாழ்ந்த பின் தெளிக்க வேண்டும். சோப்புக் கரைசல் பூச்சியின் மேல் ஈரமாகப் படும்போது மட்டுமே வேலை செய்யும். காய்ந்தபின் அதற்கு ஆற்றல் இல்லை. எனவே 7 நாட்களுக்கு ஒருமுறை, குறைந்தது 4 வாரம் தொடர வேண்டும்.

5. வேர்களைச் சோதித்தல்: மேற்பகுதியில் பூச்சி இல்லாமலே செடி வாடினால் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். வேரில் வெண்துகள் இருந்தால் பழைய மண்ணை நீக்கி, வேரைக் கழுவி, கழுவிய தொட்டியில் புது மண்ணில் நட வேண்டும்.

வயல் மருந்துகளும் வீடும்

வயலுக்கான பூச்சிக்கொல்லியை வீட்டுக்குள் தெளிப்பது ஆபத்தானது. மூடிய அறையில் அதன் ஆவியும் படிவும் எளிதில் அகலுவதில்லை. தரையில் தவழும் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் முதலில் பாதிக்கப்படலாம். இந்தியாவில் விற்கப்படும் பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் நச்சுத்தன்மையைக் குறிக்கும் வண்ண அடையாளம் உண்டு: சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. கடையில் சிறிதளவு ஊற்றித் தரும், பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தை வாங்கக் கூடாது. வேப்பெண்ணெயையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கினால் அது சிறு குழந்தைகளுக்கு நஞ்சாகும்.

இயற்கை எதிரிகள்

நச்சு மருந்துகள் மாவுப்பூச்சியை உண்ணும் உயிர்களையும் கொல்கின்றன. தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய அளவிலான சான்று உண்டு. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எனப் பல செடிகளில் அது பரவியது. மருந்துத் தெளிப்பால் அதை அடக்க முடியவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி வயல்களில் விடப்பட்ட பிறகே தாக்குதல் கட்டுக்குள் வந்தது.

மாடித் தோட்டத்திலும் இத்தகைய துணைவர்கள் உண்டு. கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு, வெண்மெழுகு இழைகளுடன் மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆனால் அது 1 செ.மீ.-க்கும் மேல் வளரும், விரைந்து ஊரும். இதை மாவுப்பூச்சி எனக் கருதி நசுக்கிவிடக் கூடாது.

தடுப்பு

நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கும் புதுச் செடியை 2 முதல் 3 வாரம் தனியே வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். தழைச்சத்து உரம் மிகுந்தால் இளந்தளிர் பெருகி மாவுப்பூச்சிக்கு ஏற்ற உணவாகிறது. ஆகையால் அளவோடு இட வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது வாரம் ஒருமுறையேனும் இலையைத் திருப்பிப் பார்த்தால், நான்கைந்து பூச்சிகளாக இருக்கும்போதே பஞ்சால் துடைத்து முடித்துவிடலாம்.