வேலை, வீடு, முதலாளியின் கருணை

'வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே சமநிலை' என்கிற சொல்லாடல் பெரிய நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளிலிருந்து கிளம்பி, வார இதழ்களின் பெண்கள் பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. நெகிழ்வான நேரம், வீட்டிலிருந்தே வேலை, குழந்தைக் காப்பகம் என்று நிர்வாகம் 'ஆதரவு' தருகிறதாம். தருவது யார், பெறுவது யார், கணக்கு யார் பேரில் எழுதப்படுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சமநிலை என்று சொன்னாலே எல்லோர் கையிலும் ஒரே மாதிரித் தராசு இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறு மாதிரிச் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதுவும் ஈடுபடுகிற ஆண்களின் கணக்கு. சமையற்கட்டை எட்டிப் பார்க்காதவர்கள் இந்தச் சராசரிக்குள்ளேயே வரமாட்டார்கள்.

அகத்திணை இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதுசில்லை. பொருள்வயிற் பிரிவு தலைவனுக்கு, இருத்தல் தலைவிக்கு. வேலைப் பிரிவினையே கவிதை மரபாகக் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்றால், பொருள் தேடியும் அவள் போகணும், வீட்டில் இருக்கவும் செய்யணும். ஆர்லி ஹோக்ஷீல்ட் 1989இல் எழுதிய நூலில் இதைத்தான் 'இரண்டாவது ஷிப்ட்' என்றார். இந்த ஷிப்டுக்குப் பஞ்சப்படியும் கிடையாது, போனசும் கிடையாது.

முதலாளியத்துக்கு நாளைக்கும் தொழிலாளி வேண்டும். அவர் சாப்பிட்டு, தூங்கி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும். இருபது வருஷம் கழித்து அவருடைய பிள்ளையும் வர வேண்டும். இந்த மறுஉற்பத்தி முழுக்க வீட்டுக்குள் இலவசமாக நடக்கிறது. அதில் ஒரு துண்டை நிறுவனம் திருப்பித் தந்தால் அதற்குப் பேரு ஆதரவு. வாங்கிய கடனைக் கொடுக்கிறவனை நாம் தர்மவான் என்று சொல்வதில்லை.

சட்டத்துக்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகத்தையும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கும் உரிமையையும் சேர்த்தது. 2025 நவம்பர் 21 முதல் இவையெல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் (2020) வந்துவிட்டன.

நல்ல விஷயந்தான். ஆனால் காசு யாருடையது? இ.எஸ்.ஐ.யில் உள்ள பெண்ணுக்குக் காப்பீட்டு நிதி தருகிறது. அதற்கான சம்பள உச்சவரம்பு, 2017இல் நிர்ணயித்தபடி, மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேலே வாங்குகிறவருக்கு முதலாளியே மொத்தத்தையும் தர வேண்டும். அப்போ மேலாளர் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்: இந்தப் பெண்ணைச் சேர்த்தால் 26 வாரச் சம்பளம் போச்சு. உரிமையே வேலை மறுப்புக்குக் காரணமாகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை (2000) இதனால்தான், இந்தச் செலவை முதலாளி தனியாகச் சுமக்க வைக்காமல் சமூகக் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

இந்த விவாதம் இங்கே பழையது. 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், சுமையின் பெரும்பங்கு அரசுடையது என்றார். பெண்ணின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளியும் தப்பித்துக்கொள்ள முடியாது என்றார். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் முதல் பாதியை நாம் கேட்காமலே இருக்கிறோம்.

காப்பகக் கணக்கிலும் ஒரு நுட்பமான அரசியல் உண்டு. பழைய தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேல் *பெண்* தொழிலாளர் இருந்தால்தான் காப்பகம் என்றது. முப்பதோடு நிறுத்திக்கொண்டால் செலவு மிச்சம். 2017 திருத்தம் ஆண், பெண் எல்லோரையும் எண்ணச் சொன்னது. குழந்தை தாயின் தனிப் பிரச்சினை இல்லை என்று சட்டம் முதல்தடவையாக அரைமனசோடு ஒப்புக்கொண்ட இடம் இது. அரைமனசு என்பது ஏன் என்றால், தகப்பனுக்கு ஒருநாள் விடுப்புகூட இந்தத் தொகுப்பில் கிடையாது. மத்திய அரசு ஊழியனுக்கு 15 நாள் உண்டு, அவ்வளவுதான்.

நிர்வாகம் சமநிலையைச் சாதிக்க இன்னொரு சுருக்குவழி இருக்கிறது: குடும்பமே இல்லாதவளை வேலைக்கு எடுப்பது. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை போய்விடும் என்கிற ஏர் இந்தியாவின் விதியை உச்ச நீதிமன்றம் 1981இல் ரத்து செய்தது. அதே தீர்ப்பு, முதல் நான்கு வருஷம் கல்யாணம் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டது. கொங்குப் பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். அவளுடைய கூலியையே பிடித்துவைத்து, சீதனம் போலத் திருப்பித் தருவது. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை ஒதுக்குவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது, நிறுவனம் மறுத்தது.

கடைசியாகச் சாதியும் வர்க்கமும். பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனத்தில் ஒரு பெண் 'சமநிலை' அடைகிறாள் என்றால், கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ இன்னொரு பெண் அவள் குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று பொருள். நகரத்துக்குள்ளிருந்து துரத்தப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டவள். அவளுடைய குழந்தையை யார் பார்க்கிறார்கள்? அவளுக்குப் பிரசவமென்றால் அரசின் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் பெறுமான உதவி கிடைக்கலாம். அவளை வேலைக்கு வைத்த வீட்டுக்கு அதில் பங்கில்லை.

ஆகவே கேட்க வேண்டியது கருணையை இல்லை. மகப்பேற்றுச் செலவை எல்லா முதலாளிகளும் அரசும் சேர்ந்து கட்டும் பொது நிதி. ஒப்பந்தத் தொழிலாளி, வீட்டுவேலை செய்பவர் எல்லோருக்கும் அதில் இடம். தகப்பனுக்குக் கட்டாய விடுப்பு. ஆலை வாசலில் மட்டுமில்லாமல் குடியிருப்பிலும் காப்பகம். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இவை போனசுக்குக் கீழே கடைசி வரியாக இருக்கிற வரைக்கும், மனிதவளப் பிரிவுதான் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

நமக்கும் ஒரு கேள்வி. நம் கூட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கின்றன. அன்றைக்கு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார்?