விதை அறையும் நின்று நின்று ஓடும் குளிரூட்டியும்

இடம்பெயர்ந்த கமக்காரருக்குக் கையிலுள்ள விதையே முதல். மீண்டும் மண்ணில் இறங்கும் நாளில் அது முளைக்காவிட்டால் ஒரு போகம் போய்விடும். ஆகவே, சங்கமாகச் சேர்ந்து விதை அறைக்குக் குளிரூட்டி பூட்ட விரும்புவோர் ஒரு விடயத்தை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

விதையைக் கெடுப்பது வெக்கை மட்டுமல்ல, ஈரமும்தான். விதையின் ஈரப்பதன் 14 வீதத்திலிருந்து 5 வீதம் வரை இறங்கும்போது, குறையும் ஒவ்வொரு வீதத்துக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதை ஆய்வாளர் ஹரிங்டன் வகுத்த பொது விதி.

நாமோ சித்திரை வெயிலை நினைத்து, தேவைக்கு மிஞ்சிய பெரிய இயந்திரத்தை வாங்குகிறோம். கார்த்திகை மழையில் வெக்கை குறைவு, காற்றில் ஈரமோ அதிகம். பெரிய இயந்திரம் அறையைச் சில நிமிடங்களில் குளிரவைத்து நின்றுவிடும். சற்றுப் பின் மறுபடி ஓடும். உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, குழாய் வழியே வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் இயந்திரம் நின்றால், படிந்த நீர் திரும்பவும் காற்றில் கலக்கும். அறை குளிர்ந்திருக்கும், விதை ஈரம் குடிக்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் மின்சாரம் கூடுதலாக இழுபடுவதால் கொம்பிரசரும் விரைவில் தேயும்.

அளவான இயந்திரமும் சிலவேளை இப்படி ஓடும். வடிகட்டியில் தூசி அடைத்தால் சுருளில் பனி கட்டும். வெளிப்பெட்டி கடும் வெயிலில் காற்றோட்டமின்றி இருந்தால் சூடேறித் தானாக நிற்கும். குளிர்காற்று நேரே வெப்ப உணரியில் பட்டாலும் நேரத்துக்கு முன் நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை:

அறையை அளந்து, கூரையையும் சுவரையும் பார்த்து, தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு அளவைக் கணிப்பியுங்கள். 1 தொன் என்பது மணிக்கு 12,000 பி.ரி.யு. வெப்பத்தை அகற்றும் வலு. இன்வேட்டர் வகை தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து நீண்ட நேரம் ஓடும். வடிகட்டியை ஒழுங்காகக் கழுவுங்கள். வெளிப்பெட்டிக்கு நிழல் கொடுங்கள், காற்றை மறிக்காதீர்கள்.

இயந்திரத்துக்கு வசதியில்லையா? விதையை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத கலனில் இறுக மூடி, நிழலான இடத்தில் வையுங்கள். குளிரூட்டி இருந்தாலும் இதைக் கைவிட வேண்டாம்.

அடுத்த முறை களஞ்சியத்துக்குப் போகும்போது மணிக்கூட்டைப் பாருங்கள். இயந்திரம் ஐந்து நிமிடத்துக்குள் நின்று, திரும்பத் திரும்ப அப்படியே செய்தால், திருத்துபவரை அழைப்பதோடு ஒரு பிடி விதையை ஈரச்சாக்கில் முளைக்க வைத்தும் பாருங்கள்.